நட்பரசன் போரும் நாட்டவர் வரியும்

உயர்தர வகுப்பு மாணவரிடையே அண்மையில் ஒரு விவாதம் நடத்தினோம். நட்பு நாடொன்றின் போருக்கு ஒரு நாடு எவ்வளவு காலம் பணம் கொடுக்கலாம் என்பது பொருள். பொருளைத் தேர்ந்தவர்கள் மாணவர்களே. உக்ரெயின் போருக்கு ஐக்கிய அமெரிக்கா வழங்கிய உதவி குறித்து அந்நாட்டுக் காங்கிரசில் எழுந்த வாதப் பிரதிவாதங்களை அவர்கள் பத்திரிகைகளிற் படித்திருந்தனர். நண்பன் வெல்லும்வரை கொடுப்பதே நட்புக்கு அழகு என்றனர் ஒரு சாரார். தன் வீட்டு அடுப்பு எரியாதிருக்க அயல் வீட்டுக்கு விறகு சுமப்பது அறிவாகுமா என்றனர் மறுசாரார். இரு சாராரும் நன்றாகவே பேசினர். முடிவில், பின்வாங்கிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், இப்படியொரு சங்கதி எங்கட நாட்டில எப்பவாவது நடந்திருக்கா?" என்று கேட்டாள். நாம் வாய் திறக்குமுன் மணி அடித்துவிட்டது.

நடந்திருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இரு மொழிகளில், இரு அரசவைகளின் குரலில் எழுதியும் வைக்கப்பட்டுள்ளது. பாளி மொழியிலே சூளவம்சத்தின் 76ஆம், 77ஆம் அதிகாரங்கள் ஒருபுறம். தமிழிலே பல்லவராயன்பேட்டை, ஆர்ப்பாக்கம், திருவாலங்காடு ஆகிய ஊர்களின் சாசனங்கள் மறுபுறம். இவற்றை வரலாற்று ஆசிரியர்கள் ஆண்டுக் கணக்குக்காகப் புரட்டியுள்ளனர். இனப் பெருமை பேசுவோர் தத்தமக்கு உகந்த வரிகளைக் கிள்ளி எடுத்துள்ளனர். இலக்கியத் திறனாய்வின் கண் கொண்டு, எவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாது விட்டார், எவர் செலவில் இப்புகழ் பாடப்பட்டது என்று கேட்டவர் குறைவு. அவ்வகையில் இவற்றை ஒருமுறை படித்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

*

முதலிற் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு (1153 - 1186) ஆட்சி செய்கிறான். மதுரையிலே அரசுரிமைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதுகின்றனர். முற்றுகைக்குள்ளான பராக்கிரம பாண்டியன் இலங்கையரசனிடம் உதவி கேட்டு ஆளனுப்புகிறான். இலங்கைப் படை கடல் கடக்குமுன்பே மதுரை வீழ்ந்துவிடுகிறது. உதவி கேட்டவன் மனைவி மக்களோடு கொல்லப்படுகிறான்.

உதவி கேட்டவன் இறந்தபின் உதவிக்கு வேலை ஏது? சாதாரண மனிதனின் கேள்வி இது. அரசனின் விடை வேறு. குலசேகரனைத் துரத்தி, இறந்தவன் வழியில் எஞ்சியவனுக்கு முடிசூட்டுக எனத் தண்டநாயகன் இலங்காபுரனுக்கு ஆணை பிறக்கின்றது. படை இராமேசுவரத்தை அடைகிறது. அத்தீவிலே பராக்கிரமபுரம் என மன்னன் பெயரால் ஒரு கோட்டை எழுகிறது. சேர நாட்டுப் பக்கம் ஒளிந்திருந்த இளவரசன் வீரபாண்டியன் வந்து சேருகிறான். போர் நீளுகின்றது. இலங்காபுரன் மேலும் படை கேட்கிறான். சகத்விசயன் என்னும் இன்னொரு தண்டநாயகன் தலைமையில் இரண்டாம் படை வருகின்றது. ஈற்றில் மதுரையில் வீரபாண்டியன் முடிசூடுகிறான். பாண்டி நாட்டிலே பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த காசு வழங்கலாயிற்று. சிறைப்பட்ட தமிழர் அனுராதபுரத்து மகாதூபியைப் புதுப்பிக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். வெற்றியின் நினைவாகப் பாண்டுவிசயம் என்னும் ஊர் பிராமணருக்கு வழங்கப்பட்டது. சூளவம்சம் அத்தோடு கதையை முடிக்கின்றது.

சோழரின் சாசனங்கள் கதையை முடிக்கவில்லை. குலசேகரன் சோழனிடம் அடைக்கலம் புகுந்தான். இரண்டாம் இராசாதிராசனின் தானைத் தலைவன் பல்லவராயன் படை நடத்தினான். அவனுக்குரிய பல்லவராயன்பேட்டைச் சாசனத்தின்படி இலங்காபுரனும் சகத்விசயனும் கொல்லப்பட்டு, அவர்தம் தலைகள் மதுரைக் கோட்டை வாயிலில் அறையப்பட்டன. குலசேகரன் மீண்டும் அரியணை ஏறினான்.

இத்துடன் நின்றிருந்தால் இதை நட்பின் கதை என்றாவது கூறலாம். பின்னர் நடந்ததைத் திருவாலங்காட்டுச் சாசனம் கூறுகின்றது. தோற்ற பராக்கிரமபாகு, தான் எவனைத் துரத்தப் படை அனுப்பினானோ அந்தக் குலசேகரனையே பாண்டியனாக ஏற்றுப் பரிசும் ஓலையும் அனுப்பி நட்புக் கொண்டான். குலசேகரனும் தன்னை அரியணை ஏற்றிய சோழனுக்கு எதிராகத் திரும்பினான். சினங்கொண்ட சோழன், தான் எவனைத் துரத்தினானோ அந்த வீரபாண்டியனையே அழைத்து மதுரையில் முடிசூட்டினான். சில ஆண்டுகளில் வீரபாண்டியன் இலங்கைப் பக்கம் சாய்ந்தான். அடுத்து வந்த மூன்றாம் குலோத்துங்கன் (1178 - 1218), குலசேகரன் மகன் விக்கிரம பாண்டியனைக் கொணர்ந்து மதுரையில் இருத்தினான்.

வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். இரண்டு அரசுகள், இரண்டு நண்பர்கள். போர் தொடங்கியபோது இலங்கையின் நண்பன் சோழனின் பகைவன். இடையிலே நண்பரும் பகைவரும் இடம் மாறினர். ஈற்றிலே மறுபடியும் மாறினர். மாறாதிருந்தவை இரண்டே: கடலின் இருபுறமும் வரி கட்டியவர்களும், கடலின் இருபுறமும் செத்தவர்களும்.

*

இனி நூலுக்கு வருவோம். பராக்கிரமபாகுவைப் பாடும் சூளவம்சப் பகுதியைத் தம்மகித்தி என்னும் தேரருக்கு உரியதாகக் கூறுவது மரபு. அவர் கைதேர்ந்த புலவர் என்பதில் ஐயமில்லை. வடமொழிக் காவிய மரபையும் அரச நீதி நூல்களையும் கற்றவர். தம் தலைவனை மனிதனாகவன்றிக் காவிய நாயகனாகவே படைக்கின்றார். ஆயின் பாண்டிப்போர் பற்றிய அதிகாரங்களைப் படிப்போர் ஒன்றை உணர்வர்: இங்கே காவியம் நின்று பட்டியல் தொடங்கிவிடுகின்றது. பணிந்த தமிழ்த் தலைவர் பெயர்கள், எரிந்த ஊர்கள், பிடித்த கோட்டைகள், மீண்டும் தலைவர் பெயர்கள். ஒரு தலைவன் பணிகிறான். அடுத்த பக்கத்தில் மாறுகிறான். மறுபடியும் அவன் ஊர் தாக்கப்படுகின்றது. வெற்றிக்கு மேல் வெற்றி கூறப்படுகின்றது. போர் மட்டும் முடிவதாயில்லை.

இது புலவரின் கலைக் குறைபாடு எனச் சிலர் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெல்ல முடியாத போரை வெற்றியாகச் சொல்லப் புகுந்த எழுத்துக்கு நேரும் கதி இதுவே. ஒவ்வொரு மோதலும் வெற்றியாயின் இரண்டாம் படை எதற்கு? தலைவர்கள் எல்லோரும் பணிந்தனராயின் அவர்கள் மீண்டும் மீண்டும் எழுவதேன்? புலவர் மறைக்க நினைத்ததை அவர் பட்டியலே காட்டிக்கொடுத்து விடுகின்றது. நூலின் முடிவும் அவ்வாறே. இரு தண்டநாயகரின் கதி என்னவாயிற்று, வீரபாண்டியன் எத்தனை காலம் ஆண்டான், குலசேகரன் எவ்வாறு மீண்டான் என்பவற்றுக்கு அங்கு விடையில்லை. காசு அடிக்கப்பட்டது, ஊர் தானம் செய்யப்பட்டது, அதிகாரம் முற்றிற்று. சூளவம்சத்தைப் பதிப்பித்து மொழிபெயர்த்த ஜேர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கைகர் முதலியோரும் இக்கதையின் ஒருதலைப்பட்சத்தைச் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டு, "பார்த்தீர்களா, பாளி நூல் பொய் சொல்கிறது, நம் கல்வெட்டு மெய் சொல்கிறது" என்று மார்தட்டுவோர் நம்மிடையே உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. தெற்கிலே மதுரை வெற்றியைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிப் பூரிப்பவர்களுக்கும், வடக்கிலே வாயிலில் அறைந்த தலைகளை எண்ணிப் பூரிப்பவர்களுக்கும் இடையே மொழி வேறுபாடன்றி வேறு வேறுபாடு யாது? தமிழ்ச் சாசனங்களும் அரசவையின் குரலே. அவையும் செத்த சேவகனின் பெயரைச் சொல்வதில்லை.

எனினும் சாசனத்துக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. அது ஒரு கொடையைப் பதிவு செய்ய எழுந்தது. ஆதலின் தன்னை அறியாமலே கணக்கைச் சொல்லிவிடுகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துச் சாசனத்தைப் பாருங்கள். இலங்கைப் படை பாண்டி நாட்டைக் கைக்கொண்டு தொண்டி, பாசி ஆகிய ஊர்ப்பக்கம் வந்தபோது எதிரிலி சோழ சம்புவராயன் என்னும் சிற்றரசன் அஞ்சுகிறான். போர்முனையில் நிற்பவன் அவன் மகனாகிய பல்லவராயன். தந்தை உமாபதிதேவர் என்னும் ஞானசிவரிடம் ஓடுகிறான். இராமேசுவரத்துக் கோயிற் கதவைப் பெயர்த்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தைக் கவர்ந்தவர்கள் சிவத்துரோகிகள் என்று கூறி, அவர்கள் அழிய 28 நாட்கள் பூசை செய்கிறார் தேவர். வெற்றிச் செய்தி வருகின்றது. பூசை செய்தவருக்கு ஆர்ப்பாக்கம் என்னும் ஊரே கொடையாகின்றது.

இதில் நாம் காண்பது என்ன? இலங்கை மன்னன் போரின் முடிவில் ஓர் ஊரைப் பிராமணருக்குக் கொடுத்தான். சோழநாட்டுச் சிற்றரசனும் போரின் முடிவில் ஓர் ஊரைச் சிவாசாரியருக்குக் கொடுத்தான். பகைவர் இருவரும் இவ்விடயத்தில் ஒரே பள்ளியிற் படித்தவர்கள். ஊரைக் கொடுத்தல் என்றால் ஊரின் விளைச்சலைக் கொடுத்தல். உழுதவனின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தல். தானம் கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் கல்லில் நிற்கின்றன. நெல் கொடுத்தவன் பெயர் நிற்கவில்லை.

*

போருக்கு ஆன செலவு எவ்வளவு? சூளவம்சம் சொல்லாது. ஆனால் கணக்குப் பின்னால் வந்தது. பராக்கிரமபாகுவின் பின் ஓராண்டு ஆண்ட இரண்டாம் விசயபாகு, தன் மாமன் சிறையிலிட்டு வருத்தியவர்களை விடுவித்து, அவரவர் ஊரையும் வயலையும் மீள அளித்தான் என்று அதே சூளவம்சமே அடுத்த பக்கங்களிற் கூறுகின்றது. மாமனை நாயகனாக்கிய நூலே மருகனைப் புகழும்போது மாமனின் சிறைச்சாலையைத் திறந்து காட்டிவிடுகின்றது. அடுத்து வந்த நிசங்கமல்லன் (1187 - 1196) தன் சாசனங்களிலே, முன்னிருந்த பராக்கிரமபாகு அளவுக்கு மீறி விதித்த வரியால் வறுமையுற்ற மக்களுக்குத் தான் 5 ஆண்டு வரி நீக்கியதாகப் பறைசாற்றுகின்றான்.

நிசங்கமல்லன் தன்னைப் புகழ்வதில் இளைத்தவன் அல்லன்; முன்னவனைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தும் நோக்கம் அவனுக்கும் உண்டு. அன்றியும் பராக்கிரமபாகுவின் வரி முழுவதையும் போர் விழுங்கியதென்று கூறுவது நேர்மையாகாது. பராக்கிரம சமுத்திரம் போன்ற பெருங்குளங்களும் விகாரைகளும் அவ்வரியிலும் ஊழியத்திலுமே எழுந்தன. குளம் வெட்டிய வரி ஓரளவேனும் நெல்லாகத் திரும்பி வந்தது. பாண்டி நாட்டிலும் பர்மாக் கரையிலும் இறைத்த வரி எவ்வடிவில் திரும்பியது? காசிலே பொறித்த பெயராகத் திரும்பியது. அப்பெயரை உண்டு எவரும் பசியாறவில்லை. அவன் இறந்து முப்பது ஆண்டு செல்லுமுன்பே, 1215இல், மாகனின் படை பொலன்னறுவையைக் கைப்பற்றியபோது, கடல் கடந்து முடிசூட்டிய அரசு தன் முடியைக் காக்கும் வலுவின்றிக் கிடந்தது.

சோழன் மட்டும் என்ன பெற்றான்? அவன் அரியணை ஏற்றிய விக்கிரம பாண்டியனின் வழிவந்தவனெனக் கருதப்படும் மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216இல் ஆட்சிக்கு வந்தான். சோழ நாட்டின்மேற் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். மதுரையில் நண்பனை வைக்கத் தொடங்கிய போர் தஞ்சை சாம்பலாவதில் வந்து முடிந்தது.

*

இப்பொழுது நம் ஊருக்கு வருவோம். தோல்விக்குப் பின் பராக்கிரமபாகு மீண்டும் படையெடுக்க ஆயத்தஞ் செய்தான் என்றும், ஊராத்துறை, புலைச்சேரி, மாத்தோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் முதலிய இடங்களிலே படை திரட்டிக் கப்பல்களும் கட்டுவித்தான் என்றும் திருவாலங்காட்டுச் சாசனம் கூறுகின்றது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. வல்லிகாமம் நமது வலிகாமம் என்பர் ஆராய்ச்சியாளர். அச்சுவேலியில் அமர்ந்து இதை எழுதும் நமக்கும், கேள்வி கேட்ட அந்த மாணவிக்கும் சொந்தமான மண் அது.

அச்செய்தி அறிந்த சோழன் வாளாவிருக்கவில்லை. தன்னிடம் அடைக்கலம் புகுந்திருந்த சீவல்லபன் என்பவனை அனுப்பினான். சீவல்லபன் யார்? பராக்கிரமபாகுவின் மருகன், இலங்கை அரியணைக்கு உரிமை கோரியவன். அவன் தலைமையில் வந்த சோழர் படை புலைச்சேரி, மாத்தோட்டம் முதலிய இடங்களுட் புகுந்து, யானைகளைக் கவர்ந்து, பல காதப் பரப்பைத் தீக்கிரையாக்கியது. இதைச் சாசனமே பெருமையுடன் கூறுகின்றது.

மதுரையில் எவன் ஆண்டாலென்ன என்றிருந்த வடகரை உழவனும் வலைஞனும் இவ்வாறு போருக்குள் இழுக்கப்பட்டனர். தச்சனின் கை கப்பலுக்குப் போயிற்று. ஊரின் கூரை நெருப்புக்குப் போயிற்று. படை அனுப்பியவன் பொலன்னறுவையிலும், எரிக்க ஏவியவன் சோழ நாட்டிலும் பத்திரமாக இருந்தனர்.

இதனை இனப்போராகக் காட்டுவோருக்கு இன்னொரு சான்றும் உண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகுவின் சாசனம் தமிழில் உள்ளது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் பண்டாரத்துக்கு என்றும், வாணிகச் சரக்கேற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு என்றும் அது விதிக்கின்றது. தமிழரை வென்றான் எனப் புகழப்படுபவன் தன் ஆணையைத் தமிழிலே வெட்டுவிக்கின்றான். சிங்கள அரசை எரிக்கச் சோழன் சிங்கள இளவரசனையே அனுப்புகின்றான். போருக்கு வேண்டிய குதிரைக்கும் யானைக்கும் வரிச் சலுகை. சாதாரணச் சரக்குக்குப் பாதி பறிமுதல். அரசின் உள்ளம் எதன்மேல் நின்றது என்பதை அந்த இரண்டு விகிதங்கள் நூறு புகழ்ப் பாடல்களைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன. இனத்தின் பெயர் பின்னால் வந்தோர் பூசிய வண்ணம்.

*

இவ்வளவுங் கூறியபின், அயலான் போருக்கு ஒருபோதும் உதவலாகாது என்ற முடிவுக்கு நாம் வருகிறோமா? இல்லை. அது எளிய முடிவு. எளிய முடிவாதலால் ஆபத்தான முடிவு.

1936இல் ஸ்பெயின் மக்களின் குடியரசுக்கு எதிராகப் பிராங்கோ கிளர்ந்தபோது, ஹிட்லரும் முசோலினியும் அவனுக்கு விமானமும் படையும் கொடுத்தனர். பிரித்தானியாவும் பிரான்சும் "தலையிடாமை" என்னும் கொள்கையைப் பிடித்துக்கொண்டு குடியரசுக்கு ஆயுதம் கிடைக்காதவாறு தடுத்தன. 1939இல் குடியரசு வீழ்ந்தது. அதே ஆண்டில் உலகப் போர் வெடித்தது. அன்று உதவ மறுத்ததும் ஒரு பக்கத்துக்குச் செய்த உதவியே. 1941 மார்ச்சில் அமெரிக்கா இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ் பிரித்தானியாவுக்கும் பின்னர் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்ற பொருள்கள் பாசிசத்தின் தோல்விக்குத் துணை நின்றன என்பதை எந்த முற்போக்காளனும் மறுக்கமாட்டான். அதே அமெரிக்கா தென்வியட்நாமில் ஒன்றன்பின் ஒன்றாகத் தளபதிகளின் அரசுகளைப் பணத்தால் தாங்கிப் பிடித்தது. 1975இல் மேலும் 722 மில்லியன் டொலர் இராணுவ உதவி கேட்டார் சனாதிபதி போர்ட்; காங்கிரஸ் அதைக் கொடுக்கவில்லை. ஏப்பிரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. பணம் நின்றதும் சரிந்த அரசு, தன் மக்களிடம் வேரூன்றாத அரசு.

ஆகவே கொடுத்தல் நன்றா, கொடாமை நன்றா என்ற கேள்வி அரைக் கேள்வி. அதற்குமுன் கேட்க வேண்டியவை நான்கு. இப்போர் எவருடையது: தாக்கப்பட்ட மக்களுடையதா, அரியணைக்குப் போட்டியிடும் இருவருடையதா? உதவி கேட்டவர் இன்னும் இருக்கின்றாரா. கேட்ட நோக்கம் மாறிவிட்டதா? பணம் கொடுப்போருக்குக் கணக்குக் காட்டப்படுகின்றதா. வேண்டாம் என்று கூறும் உரிமை அவர்களுக்கு உண்டா? கொடுத்தவன் கைம்மாறாக எதை எடுத்துக்கொள்கின்றான்?

பராக்கிரமபாகுவின் போர் இந்நான்கிலும் தோற்கின்றது. போர் இரு உரிமையாளருடையது. கேட்டவன் படை போகுமுன்பே இறந்தான். வரி கட்டியவர்களை எவரும் கேட்கவில்லை. முணுமுணுத்தோருக்குச் சிறை இருந்தது. கைம்மாறு, வேற்று நாட்டில் தன் பெயரால் வழங்கிய காசு.

உக்ரெயினை இதே தராசில் வைப்போம். 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படை எல்லை கடந்தது. தாக்கப்பட்ட நாடு உக்ரெயின் என்பதில் மயக்கமில்லை. அவ்வாண்டு மார்ச் 2ஆந் தேதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் 141 நாடுகள் அதைக் கண்டித்து வாக்களித்தன. இந்தியாவும் இலங்கையும் வாக்களியாது ஒதுங்கி நின்றன. பழைய சோவியத் நாட்டின்மேல் உள்ள பற்றினால் நம் தோழர் சிலர் இன்றைய மொஸ்கோவின் படையெடுப்புக்கு விளக்கம் தேடுவது நமக்கு உடன்பாடன்று. சிறுநாட்டின் எல்லையைப் பெருநாடு கடப்பதை நியாயமென்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், சிறுநாட்டில் வாழும் நாம் எம்முகத்தோடு பிறகு பேசுவது? முதற் கேள்வியில் உக்ரெயின் மக்கள் தேறுகின்றனர். தம்மைக் காக்கும் உரிமை அவர்களுடையது. போரை நீட்டுவதோ நிறுத்துவதோ முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையதே.

ஆயின் மூன்றாம், நான்காம் கேள்விகள் உதவி செய்தோரை நோக்கியவை. 2024 ஏப்பிரலில், பல மாதத் தாமதத்தின் பின், ஏறக்குறைய 61 பில்லியன் டொலருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் அளித்தது. அதிற் கணிசமான பகுதி அமெரிக்காவின் சொந்த ஆயுதக் களஞ்சியத்தை நிரப்பவும் அங்குள்ள ஆயுதத் தொழிற்சாலைகளுக்குமே சென்றது. 2025 ஏப்பிரல் 30இல் உக்ரெயினின் கனிவளத்தில் அமெரிக்காவுக்குப் பங்களிக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பராக்கிரமபாகு காசடித்ததை நகைப்போர் இதனையும் நோக்குக. எண்ணூறு ஆண்டுகளில் நட்பின் விலைப்பட்டியல் மாறியிருக்கின்றது. நட்புக்கு விலை போடும் வழக்கம் மாறவில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைப்பது தவறு. அமெரிக்காவிலே அவ்வுதவி விவாதிக்கப்பட்டது. பொலன்னறுவையிலும் சோழன் அவையிலும் அவ்வாறு எழுந்து நின்று "எவ்வளவு காலம்?" என்று கேட்டவன் எவனுமில்லை, இருந்திருந்தால் அவன் பெயரைக் கல்லும் ஓலையும் காக்கவில்லை. கேள்வி கேட்கும் உரிமை முழு நீதியன்று. நீதிக்கு அது வாயில்.

*

நம் இலக்கியத்தில் அவ்வாறு கேட்டவர்கள் இருந்தனர் என்பதை இங்கு நினைவூட்டுவது தமிழாசிரியரான நமது கடன். புறநானூற்றில் வீரத்தை மட்டும் கண்டு மகிழ்வோர் அதன் செம்பாதியைப் படியாதவர். சோழர் குலத்தவர் இருவர் தம்முட் போரிட்டபோது கோவூர் கிழார் இடைநின்று, எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என அறிவுறுத்தினார். வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் சென்று, படையின் வெற்றியும் உழுபடையின் விளைவே என எடுத்துரைத்து, வரிப்பாக்கியை நீக்குவித்தார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, முறையறியாது வரி கொள்ளும் அரசு யானை புகுந்த வயலாகும் என்றார். இவர்கள் அரசனிடம் பரிசில் பெற்றவர்கள். எனினும் அரசனின் செலவைக் கேட்டவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு வரும்போது அக்குரல் மெய்க்கீர்த்தியாகவும் வம்சக் கதையாகவும் சுருங்கிவிட்டது. புலவன் குடிமகனிலிருந்து பிரிந்து அரண்மனைக்குள் முழுமையாகக் குடியேறியதன் விளைவு அது. சூளவம்சப் பகுதியின் குறையும், சோழர் மெய்க்கீர்த்திகளின் குறையும் இதுவே.

இக்குறையை எண்ணூறு ஆண்டுக்கு முந்தியோர்மேல் மட்டும் சுமத்திவிட்டுப் போக முடியுமா? 1987 யூலை 29இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தின்பேரில் இந்தியப் படை, இலங்காபுரன் கடந்த அதே கடலை எதிர்த்திசையிற் கடந்து வந்தது. அமைதிக்கென வந்த படை சில மாதங்களிற் போரின் ஒரு தரப்பாயிற்று. 1990 மார்ச்சில் அது திரும்பிச் சென்றபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் மாண்டிருந்தனர். நம் மக்களின் சாவோ வீடுவீடாக அறியப்பட்டது. பின்னும் 2009 வரை நீடித்த போரில் இருபுறமும் வெளிநாட்டுப் பணம் இருந்தது. அரசுக்குப் பல நாடுகள் கடனும் ஆயுதமும் கொடுத்தன. மறுபுறத்துக்குப் புலம்பெயர்ந்த நம்மவர் பனியிலும் குளிரிலும் உழைத்த காசு சென்றது. அக்காசை அனுப்பியவரின் வேதனையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பணம் அனுப்பியவர் இருந்த இடமும் குண்டு விழுந்த இடமும் ஒன்றல்ல. போர் நீளுவதா நிற்பதா என்று இங்கிருந்த தாய்மாரை எவரும் கேட்கவில்லை என்பதையும் நாம் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆந் தேதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நம் தலைமுறையினர் இடுப்பிற் சுமக்கப்பட்ட பிள்ளைகள். அந்நடையைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகள் பல. அந்நடையின் செலவைக் கணக்கிட்ட கட்டுரைகள் மிகச் சில.

தூரத்துப் போரும் நம் வாசலுக்கு வருகின்றது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அதற்கு உக்ரெயின் போர் மட்டுமே காரணமென்பது மெய்யன்று. நம் ஆட்சியாளரின் கடனும் அதற்கு முந்திய தவறுகளும் பெருங்காரணம். ஆயினும் உலகச் சந்தையில் எண்ணெய்க்கும் கோதுமைக்கும் ஏறிய விலை அச்சுமையைக் கூட்டிற்று. கிணற்றடியில் இறைப்பு இயந்திரத்தின் அருகே குந்தியிருந்து, வெங்காயத்துக்கு இறைப்பதா விடுவதா என்று யோசித்த அச்சுவேலித் தோட்டக்காரன், தன்னை எவரும் கேளாத ஒரு போருக்கு வரி கட்டியவனே.

*

அடுத்த வாரம் வகுப்பில் அம்மாணவிக்கு இக்கதையைக் கூறினோம். வல்லிகாமம் என்ற பெயர் வந்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. நண்பன் வெல்லும்வரை என்று வாதித்த மாணவன், "அப்ப எவ்வளவு காலம் எண்டு சொல்லுங்கோ சேர்" என்று விடாது கேட்டான்.

நமது விடை இது. தாக்கப்பட்ட மக்கள் தாமே கேட்கும்வரை கொடுக்கலாம். கொடுப்பவர் தம் மக்களிடம் வெளிப்படையாகக் கேட்டு, கணக்குக் காட்டி, எதற்காக என்பதை முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்டவர் மறைந்தாலோ, நோக்கம் மாறினாலோ, அன்றே நிறுத்தி மக்களிடம் புதிதாகக் கேட்க வேண்டும். கொடுத்ததற்கு ஈடாக நண்பனின் மண்ணிற் காசடிக்கப் புறப்படுபவன் நண்பனல்லன். பராக்கிரம பாண்டியன் இறந்த செய்தி வந்த நாளிலே அக்கேள்வியை எழுப்ப ஓர் அவையும் ஒரு புலவனும் இருந்திருந்தால், மதுரை வாயிலில் தலைகளும் இராது; மாத்தோட்டத்தில் தீயும் இராது.

பாட நூலில் இவ்வதிகாரங்களைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எவன் வென்றான் என்ற வினாவோடு நிறுத்தாதீர்கள். நெல் எவருடையது, கப்பல் கட்டியவர் எவர், எரிந்த வீடு எவருடையது என்ற வினாக்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். விடை நூலில் இராது. விடையைத் தேடும் பிள்ளை வரிகளுக்கிடையிற் படிக்கக் கற்றுக்கொள்ளும். நாளை வரி கட்டும் வயது வரும்போது, யாருடைய போருக்கு என்று கேட்கவும் கற்றுக்கொள்ளும்.